பல் எக்ஸ்ரே சொல்லும் எலும்புச் சேதி

எங்கள் ஜலகண்டாபுரத்தில் தறிச்சத்தம் கேட்காத தெரு குறைவு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மாயி அறுபது வயதைத் தாண்டியும் தார் சுற்றிக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு வாசலில் தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி உட்கார்ந்தார், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உட்கார்ந்ததற்கா எலும்பு முறியும் என்று நாங்கள் திகைத்தோம்.

இந்நோய்க்கு எலும்புப்புரை என்று பெயர். ஆஸ்டியோபொரோசிஸ் என்பார்கள் மருத்துவர்கள். மூட்டு வலியையும் இதையும் சேர்த்து 'எலும்புத் தேய்மானம்' என்று நம் ஊரில் சொல்வது தவறு. மூட்டுத் தேய்வு வலிக்கும். இதுவோ முறியும் வரை வாய் திறப்பதில்லை. மாதவிலக்கு நின்றபின் பெண்களின் எலும்பு விரைவாக அடர்த்தி குறைகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் அப்பகுதிப் பெண்கள் 150 பேரைச் சோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்நோய் இருந்தது.

இதை அளக்க டெக்சா என்னும் கருவி உண்டு. ஆனால் அது சிற்றூர்களில் எளிதில் கிடைப்பதில்லை. ஒரு நோவும் இல்லாதவர் பஸ் ஏறிப்போய்ப் பணம் கட்டி எலும்பை அளந்து வருவாரா? பல் வலித்தால் மட்டும் எவரும் பல் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்! அங்கே தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுப்பதுண்டு. அந்தப் படத்தையே எலும்புக்கும் பார்த்தால் என்ன என்று ஆய்வாளர் எண்ணினர்.

ராண்ட்ஜன் 1895-ல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த சில வாரங்களிலேயே, ஜெர்மனியில் வால்காஃப் என்பவர் 25 நிமிடம் அசையாமலிருந்து தம் பற்களைப் படமெடுத்தார். எலும்புக்காகப் பார்க்க வேண்டியது பல்லை அன்று; கீழ்த்தாடையின் அடி விளிம்பை. அங்கே கெட்டியான எலும்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். பின்லாந்தின் கிளெமெட்டி குழுவினர் 1994-ல் அதை மூன்று வகையாகப் பிரித்தனர். சேலைக்கரையை நினைத்துக்கொண்டால் எங்களுக்கு எளிதில் விளங்கியது. முதல் வகை இறுக்கமாக நெய்த கரை. இரண்டாவது, உட்பக்கம் அங்கங்கே இழை விட்ட கரை. மூன்றாவது, பூச்சி அரித்துப் பொத்தலான கரை.

கோட்டின் தடிப்பையும் அளக்கலாம். ஐரோப்பாவின் ஐந்து நகரங்களில் 45 முதல் 70 வயது வரையுள்ள 671 பெண்களை வைத்து ஆஸ்டியோடென்ட் என்னும் ஆய்வு நடந்தது. தடிப்பு 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எலும்புச் சோதனைக்கு அனுப்பலாம் என்று அதன் ஆய்வாளர்கள் கருதினர். ஜப்பானில் தாகுச்சி போன்றோர் இவ்வேலையைக் கணினிக்கே கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆயினும் இது தீர்ப்பு அன்று. நோயுள்ள சிலரைப் படம் தவற விடுகிறது. இல்லாத சிலரையும் சுட்டுகிறது. யாரை டெக்சாவுக்கு அனுப்புவது என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. எலும்பைப் பார்ப்பதற்கென்றே பல் எக்ஸ்ரே எடுப்பதும் கூடாது.

எங்கள் பக்கத்துக்கு வேறொரு கவலையும் உண்டு. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்துக் கிணறுகளில் ஃபுளூரைடு மிகுதி. பற்களில் பழுப்புக் கறை படிந்தவர்களை நாங்களே பார்த்திருக்கிறோம். ஃபுளூரைடு எலும்பை அடர்த்தியாகக் காட்டும், ஆனால் உறுதி தராது. அமெரிக்காவில் எலும்புப்புரை உள்ள பெண்களுக்கு அதை நான்காண்டு மருந்தாகவே கொடுத்துப் பார்த்தனர். முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு ஏறிற்று. முறிவுகள் குறையவில்லை என்று 1990-ல் எழுதினர். அப்படியானால் கறை படிந்த பல்லுக்குக் கீழே தெரியும் தடித்த வெள்ளைக் கோட்டை எவ்வளவு நம்பலாம்? பின்லாந்துக்காரர் கேட்க வேண்டிய கேள்வியல்ல இது. சேலம், தருமபுரி ஆய்வாளர்கள்தாம் கேட்க வேண்டும்.

அம்மாயி விழுவதற்கு ஈராண்டு முன் பல் பிடுங்கப் போனபோது எடுத்த தாடைப் படம் தோழி வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அடிக்கோடு எங்கள் கண்ணுக்கு மெல்லியதாகத்தான் பட்டது. நாங்கள் மருத்துவர்கள் அல்லவே. தாய்க்கு இடுப்பு முறிந்திருந்தால் மகளுக்கும் அபாயம் கூடுதல் என்று படித்ததைத் தோழி தன் அம்மாவிடம் சொன்னாள். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, கடைவாய்ப் பல்லில் வலி. அடுத்த வாரம் பல் மருத்துவரிடம் போகிறார். தோழியும் உடன் போகிறாள், அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்க.