பாடம்: இடம் மாறி வந்த பாறைகள்



புதிய காணியில் குடியேறும்போது மண்ணையும் கிணற்று நீரையும் பார்க்கிறோம். அங்கே கிடக்கும் பாறைகளையும் பார்க்க வேண்டும். அவை அவ்விடத்துக்கு உரியவையா, வேறிடத்திலிருந்து வந்தவையா?

பாறையைச் சுமப்பவை எவை?

ஒடிசாவின் தால்ச்சேரில் உள்ள பாறைப் படிவுகளைச் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியாறுகள் சுமந்து வந்தன. இன்று நமது மலைகளில் அந்த வேலையை மழையும் சேறும் செய்கின்றன.

கருங்கல் தண்ணீரைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு பாரமானது. கெட்டியான சேறோ தண்ணீரைவிட 2 மடங்கு பாரமானது. ஆகவே சேற்றுக்குள் கல் தன் பாரத்தில் முக்கால் பங்கை இழந்து, இலகுவாக நகர்கிறது. பெரிய பாறைகள் முன்னணியில் வருகின்றன.

நடந்தவை

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு காணி இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் போதுமா? 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சேறும் பாறையும் சுமார் 2 கிலோமீற்றர் ஓடின. 2024 யூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் அந்த ஓட்டம் சுமார் 8 கிலோமீற்றர். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலையகத்தில் பல குடும்பங்களை வீடிழக்கச் செய்தது.

காணியில் கவனிக்க வேண்டியவை

1. ஆறு கற்களைப் பருமன்படி பிரித்து இடும். பெருங்கல், சிறுகல், மண் யாவும் கலந்து கிடந்தால் அது பழைய சரிவாக இருக்கலாம்.
2. காணிக்கு மேலே பள்ளமோ ஓடையோ இருந்தால், வந்த வழியே மீண்டும் வரும்.
3. கல் உருண்டையாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். நின்ற இடத்திலேயே உக்கி உருண்டையாகும் கல்லும் உண்டு.

வீடு கட்டுமுன், கொழும்பு ஜாவத்தை வீதியில் தலைமையகம் கொண்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் காணியைப் பற்றி அறிக்கை கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருங்கள். 100 தாண்டினால் புறப்பட ஆயத்தமாகுங்கள். 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

கலந்துரையாடுவோம்

1. நமக்குக் காட்டப்பட்ட காணியில் என்னென்ன கற்கள் கிடக்கின்றன? மேலே என்ன இருக்கிறது?
2. இரவில் மழை பலத்தால் யார் யாரை எழுப்புவது? முதியோரைத் தூக்கிச் செல்வது யார்?
3. பாதுகாப்பான காணியைக் கேட்டு நாம் ஒன்றாகச் செய்யக்கூடியது என்ன?