கொடியில் முதிரும் இனிமை

இனயம் நெய்தல் நிலத்தூர். அங்கே மீன் கரையேறும். காய்கனி உள்நாட்டினின்று வந்து சேரும். மீன் வாங்குவதில் அவ்வூராரை ஏமாற்றுதல் எளிதன்று. செவுளைத் தூக்கிப் பார்த்த அளவிலே அது இன்று பட்டதோ நேற்றுப் பட்டதோ என்பதைச் சொல்லிவிடுவர். அத்தகைய கூரிய கண்ணுடையாரும் மாசி பங்குனியில் தர்ப்பூசணிக் குவியலின்முன் நிற்குங்கால், விற்பவன் சொல்லையே வேதமாகக் கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். மீனுக்குச் செவுள் போல இக்கனிக்கும் சில குறிகள் உண்டு. அவற்றை அறியுமுன், அதன் இனிமை எங்ஙனம் உண்டாகின்றது என்பதை அறிதல் வேண்டும்.

நம் மாவட்டத்தார் வாழையோடு வளர்ந்தவர். ஏத்தங்குலையைக் காயாக வெட்டி வீட்டு மூலையில் வைத்தால், சில நாளிற் பழுத்து இனிப்பதைக் குழந்தைகளும் அறியும். வாழைக்காயில் மாச்சத்து நிரம்பியிருக்கின்றது. பழுக்கும்போது அம்மாவே சருக்கரையாக மாறுகின்றது. மாங்காயின் செய்தியும் ஏறக்குறைய இதுவே. ஆதலின் எல்லாக் கனியும் இவ்வாறே வீட்டிற் பழுக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். வெள்ளரிக் குலத்துக் கனிகளோ இதற்கு முற்றும் மாறானவை. தர்ப்பூசணியிலும் முலாம்பழத்திலும் அவ்வாறு சேமித்து வைத்த மாச்சத்து இல்லை. இலை வெயிலில் சமைத்து அனுப்பும் சருக்கரை, காம்பின் வழியாக நாடோறும் கனிக்குள் வந்து சேர்கின்றது. அதிலும் பெரும்பகுதி இறுதி நாள்களிலேயே வருகின்றது. காம்பை அறுத்த நொடியில் அவ்வரவு நின்றுபோகும். முலாம்பழம் பறித்தபின் மென்மையும் மணமும் பெறலாம். சருக்கரை ஓர் அணுவளவும் கூடாது. தர்ப்பூசணியோ பறித்தபின் பழுப்பதே இல்லை. எனவே, பிஞ்சிற் பறித்ததை வீட்டில் வைத்துக் காத்திருத்தல் வீணே.

நிற்க, உழவன் முதிரும்வரை பொறுத்தால் என்னவென்று கேட்கலாம். தடை தொலைவினால் வருவது. தமிழ்நாட்டில் தர்ப்பூசணி மிகுதியாக விளையும் இடங்களுள் திண்டிவனம், மரக்காணம் பகுதிகள் சிறந்தவை. அங்கிருந்து இனயத்துக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். லாரியில் ஒன்றன்மேலொன்றாய்க் குவிக்கப்பட்டுக் குலுங்கி வரவேண்டுமாயின், நன்கு முதிர்ந்த கனியினும் சற்று முந்திப் பறித்த கனியே தாங்கும். மேலும், சந்தையில் முதலில் இறங்கும் சரக்குக்கே நல்ல விலை. இவ்விரண்டு காரணத்தாலும் உழவனுக்கு அவசரம் நேருகின்றது. அவ்வவசரத்தை நம் நாக்கு உணர்கின்றது.

அருகிலே விளைவித்தால் ஆகாதோ எனின், நம் நாட்டு மழையைக் கருதவேண்டும். குமரி மாவட்டம் இரு பருவக்காற்றாலும் மழை பெறுவது. கும்பப்பூ அறுவடையானபின் சித்திரை வரையுள்ள சில கிழமைகளே ஈண்டு வறண்ட காலம். அப்பொழுது பேச்சிப்பாறை அணையும் அடைபட்டிருக்கும். கோடை மழை முந்திப் பெய்தால் கனி நீர்த்துச் சுவை குன்றும். சில வெடித்தும் போகும். பூவில் மகரந்தம் சேர்க்கத் தேனீயும் வேண்டும். அதற்கு மார்த்தாண்டத்தை அடுத்த நமக்குக் குறைவில்லை. 1920-களில் அங்குக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பாரின் தலைமையில் நிறுவிய கிராம சேவை நிலையம் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக்கிற்று. முட்டையைத் தரம் பிரித்துக் கூட்டுறவாக விற்கும் முறையையும் அந்நிலையம் கற்பித்தது. கனிக்கும் அவ்வாறு தரம் பிரித்து விற்கும் ஏற்பாடு ஊர்தோறும் அமைந்தால், பொறுத்துப் பறிப்பவனுக்குப் பொறுமையின் கூலி கிடைக்கும். இப்பொழுது இனித்ததற்கும் இனியாததற்கும் ஒரே விலையன்றோ?

அறியாமையால் வாங்குவோர் மட்டும் இழப்பதில்லை. 2025-ஆம் ஆண்டுக் கோடைத் தொடக்கத்தில், தர்ப்பூசணியில் ஊசிவழியே சிவப்புச் சாயம் ஏற்றுகின்றனர் என்னும் அச்சம் தமிழ்நாடெங்கும் பரவிற்று. விலை வீழ்ந்தது, உழவர் கண்ணீர் வடித்தனர். அச்சிவப்பு, தக்காளிக்கும் நிறந்தரும் லைக்கோப்பீன் என்னும் இயற்கைப் பொருளே. ஊசி துளைத்த கனி விரைவில் அழுகத் தொடங்கும். ஏற்றிய சாயமும் சதையெங்கும் ஒருசீராய்ப் பரவாது. இத்துணையும் அறிந்தவர் அஞ்சியிரார்.

இனிக் குறிகளைக் கூறுவோம். தர்ப்பூசணியைப் புரட்டி, தரையிற் படிந்திருந்த பக்கத்தைப் பார்க்க. அவ்விடம் வெண்மையாயின் பிஞ்சு; வெண்ணெய் போன்ற மஞ்சளாயின் முதிர்ந்தது. கையிலெடுத்தால் உருவத்துக்கு மிஞ்சிய கனம் இருத்தல் வேண்டும். தட்டிப் பார்த்தல் பழகிய செவிக்கே பயன்படும். நம்மிற் பலர் தட்டுவது வெறும் சடங்கு. தோட்டத்திலேயே வாங்குவோர் காம்பருகேயுள்ள பற்றுக்கம்பி காய்ந்துளதா எனக் காண்க. முலாம்பழத்துக்கு மூக்கே சான்று. பூவிருந்த முனையில் மணம் வீசவேண்டும். முதிர்ந்த முலாம்பழம் கொடியினின்று தானே கழன்றுவிடுமாதலின், காம்பிடத்திற் கத்திபட்ட அடையாளமின்றி வழுவழுப்பான குழி மட்டும் இருப்பது நன்று. எக்கனியாயினும் அறுக்குமுன் தோலைக் கழுவுக. 2011-இல் அமெரிக்காவில் கிருமி கலந்த முலாம்பழத்தால் 33 பேர் மாண்டனர்.

1526-இல் தில்லியை வென்ற பாபர், இந்நாட்டில் நல்ல முலாம்பழம் இல்லையெனத் தம் நினைவுக் குறிப்பிற் குறைபட்டுக்கொண்டார். பின்னர் ஆக்ராவில் தாமே பயிரிடுவித்து ஆறுதலடைந்தார். அவர் நம் வெள்ளரிப்பழத்தை உண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ அறியோம். அதுவும் முலாம்பழத்தின் இனமே. முற்றினால் தோல் தானே வெடித்து, உள்ளிருக்கும் மாப்போன்ற வெண்சதை வெளிப்படும். ஆதலின் அது 600 கிலோமீட்டர் செல்லாது. ஓலையிற் சுற்றி அடுத்த ஊர் வரை கொண்டுபோனாலே பெரிது. பெருவணிகர் அதனை விரும்பாமைக்குக் காரணமும் அதுவே. கொடியில் முழுதும் முதிர்ந்தே அது நம் கைக்கு வருவதற்குக் காரணமும் அதுவே. இனிப்பு மிகச் சிறிது. விதையை நீக்கி, சதையைக் கையால் மசித்து, கருப்பட்டியைச் சீவிப் போட்டுச் சிறிது ஏலமும் சேர்த்து, அறுத்த பொழுதே உண்ணவேண்டும். மாலைக்கு வைத்தால் புளித்துவிடும்.