போர்ட் எண் மறுக்கப்படுவது ஏன்?

ஒரே கணிப்பொறியில் வலைத்தள சர்வர், மின்னஞ்சல் சர்வர் எனப் பல நிரல்கள் இயங்கக்கூடும். வெளியிலிருந்து வரும் செய்தி எந்த நிரலுக்கு உரியது? இதை அறியவே போர்ட் எண்கள் உள்ளன. இவை 16 பிட்டுகளால் ஆனவை. எனவே 0 முதல் 65,535 வரை அமையும். வலைத்தளத்துக்கு 80, மறையாக்கம் செய்த வலைத்தளத்துக்கு 443 என்பது வழக்கம்.

சர்வர் நிரல் தொடங்கும்போது தனக்குரிய எண்ணை இயங்குதளத்திடம் கேட்டுப் பெறுகிறது. இதற்குப் 'பிணைத்தல்' என்று பெயர். சில வேளைகளில் இயங்குதளம் மறுத்துவிடும். ஏன்? முக்கியமான காரணங்கள் மூன்று.

1. அந்த எண்ணில் வேறொரு நிரல் ஏற்கெனவே இயங்குகிறது. பெரும்பாலும் அது நாம் நிறுத்த மறந்த பழைய சர்வராகவே இருக்கும். 'நெட்ஸ்டாட்' போன்ற கருவியால் அது எது என்று கண்டறியலாம். அறியாமல் நிறுத்தினால், பிறருடைய வேலை பாழாகும்.

2. அனுமதி இல்லை. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் 1024-க்குக் குறைந்த எண்கள் மரபாக நிர்வாகிக்கே உரியவை. சாதாரணப் பயனர் ஒருவர் போலி சர்வரை அங்கே அமர்த்திப் பிறரை ஏமாற்றாதிருக்கவே இந்த ஏற்பாடு. பயிற்சிக்கு 8080 போன்ற எண்ணைப் பயன்படுத்தலாம்.

3. பழைய இணைப்பு முற்றிலும் ஓயவில்லை. சர்வர் முதலில் இணைப்பை முடித்தால், லினக்ஸ் 60 விநாடி காத்திருக்கும். வழியில் தாமதமான பழைய செய்தித் துண்டு புதிய உரையாடலில் கலந்துவிடக் கூடாதல்லவா? பிணைக்கும் முன் 'முகவரியை மீண்டும் பயன்படுத்தலாம்' என்ற விருப்பத்தை அமைத்தால், சர்வரை உடனே தொடங்கலாம். லினக்ஸில் இது வேறு சர்வர் இயங்கும் எண்ணைப் பறித்துத் தராது.

மூன்றாம் காரணமானால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்வது பயன் தரும். இரண்டாவதானால் ஆயிரம் முறை முயன்றாலும் பயனில்லை! ஆகவே, நல்ல நிரல் முதலில் காரணத்தைப் பார்க்கும். எந்த எண், என்ன காரணம் என்று பதிவு செய்துவிட்டு நிற்கும். பிழையைக் கவனிக்காமல் ஓடும் சர்வர், வெளியே பெயர்ப்பலகை இருந்தும் கதவு திறக்காத கடையைப் போன்றது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அப்படி நேர்ந்தால், காத்திருக்கும் மாணவர்களின் நிலை என்ன?

செய்து பாருங்கள்: 8080-இல் ஒரு சர்வரை இயக்குங்கள். அதை நிறுத்தாமல் மறுபடியும் இயக்குங்கள். வரும் பிழைக்கு மூன்றில் எது காரணம்?