‘நீ எனக்கு என்ன கொடுத்தாய்?’

கேள்வி: அம்மா தன் மாந்தோப்பை அக்காவுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிவைத்தார். ஆண்டுக்கு 40,000 ரூபாய் எனக்குத் தரவேண்டும் என்று அதிலேயே நிபந்தனை. அன்றே அக்காவும் எனக்குத் தனியாக எழுதிக்கொடுத்தார், அது பதிவாகவில்லை. அம்மா காலமான பிறகு பணம் நின்றுபோனது. ‘நீ எனக்குக் காலணா கொடுக்கவில்லை. பிரதிபிரயோஜனம் இல்லாத எழுத்து செல்லாது’ என்கிறார். சரியா?
– வாசகர், சோழபுரம்

பதில்: அக்கா சொல்வது பாதிச் சட்டம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, சில விதிவிலக்குகளோடு அப்படித்தான் சொல்கிறது. பத்திரம் எழுதுபவர்கள் வாயில் புழங்கும் ‘பிரதிபிரயோஜனம்’ இப்போதைய சட்டத் தமிழில் ‘மறுபயன்’. ஒரு வாக்குறுதிக்கு ஈடாக வருவது அது. பணமாக இருக்கலாம், நிலமாக, உழைப்பாக இருக்கலாம். போடவிருந்த வழக்கைப் போடாமல் விடுவதும்கூட மறுபயன்தான். மதிப்பு சரிக்குச் சரியாக இருக்கவும் வேண்டாம். 1,000 ரூபாய் பெறும் குதிரையை 10 ரூபாய்க்கு விற்க ஒருவர் மனமொப்பிச் சம்மதித்தால் அதுவும் ஒப்பந்தமே என்று அந்தப் பிரிவே உதாரணம் காட்டுகிறது.

மறுபாதி 2-ஆவது பிரிவில் இருக்கிறது. மறுபயனை வாக்குறுதி பெற்றவர்தான் தரவேண்டும் என்பதில்லை. வேறு யார் தந்தாலும் செல்லும். இங்கே தந்தவர் அம்மா. கொடுத்தது தோப்பு.

இதே கதை சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முன்பே வந்திருக்கிறது. சட்டக் கல்லூரி மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் ‘சின்னய்யா எதிர் ராமய்யா’ வழக்கு அது. 1882-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. ஒரு மூதாட்டி மகளுக்கு நிலத்தைத் தானமாகக் கொடுத்தார். தன் உடன்பிறப்புக்கு ஆண்டுக்கு 653 ரூபாய் தரவேண்டும் என்றார். மகளும் அன்றே எழுதிக்கொடுத்தார். பிறகு, ‘அவர்கள் எனக்கு ஒன்றும் தரவில்லையே’ என்று கையை விரித்தார். தாய் கொடுத்த நிலமே மறுபயன் என்று சொல்லி நீதிமன்றம் பணத்தைக் கட்டவைத்தது. இங்கிலாந்தில் 1861-இல் ஒரு மாப்பிள்ளை, தனக்குப் பணம் தருவதாக மாமனார் தன் தகப்பனாரிடம் ஒப்புக்கொண்டதை வைத்து வழக்காடித் தோற்றார். மறுபயன் அவரிடமிருந்து போகவில்லையாம். நம் சட்டம் அந்த வழியில் போகவில்லை.

பதிவு? வெறும் பாசத்துக்காக அக்கா எழுதிக்கொடுத்திருந்தால் பதிவில்லாதது பெரிய ஓட்டையாகியிருக்கும். மறுபயன் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. தோப்பில் பாத்தியதை கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கும்வரை அந்த எழுத்து நிற்கும். முத்திரைத்தாள் மதிப்பு குறைந்திருந்தால் அபராதத்தோடு கட்டிச் சரிசெய்யலாம்.

தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. ஒவ்வோர் ஆண்டுத் தொகைக்கும் கெடு நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். செட்டில்மெண்ட் நகல், அக்காவின் எழுத்து, முன்பு பணம் வந்ததற்கான பாஸ்புக் பதிவு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போடவேண்டியது ராஜபாளையம் நீதிமன்றத்திலா, ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்திலா என்பதைப் பாக்கித் தொகையைப் பார்த்து வக்கீல் சொல்வார்.