மைல் டிக்கெட்டில் வரி எது, விலை எது?

மைல்களைக் கொடுத்து எடுக்கும் விமான டிக்கெட்டை 'ஃப்ரீ டிக்கெட்' என்று சொல்லும் பழக்கத்தை நாம் முதலில் விட வேண்டும். அந்தச் சொல்லை நம்பி, வருடக்கணக்கில் சேர்த்த மைல்களைக் கரைத்தவன் நான். அந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது. எழுத உட்கார்ந்ததும் அதனால்தான். விமான நிறுவனத்தின் மைல் திட்டத்தில் உறுப்பினராவது, கார்டு புள்ளிகளை மைலாக மாற்றுவது, இருக்கை தேடுவது எல்லாம் யாரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய நஷ்டம் ஒரே இடத்தில்தான் வருகிறது. பணம் கட்டும் கடைசித் திரையில் 'வரிகளும் கட்டணங்களும்' என்று ஒற்றைத் தொகை நிற்கும். அரசுக்குப் போவது, விமான நிலையத்துக்குப் போவது, விமான நிறுவனமே தனக்கு வைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் அதற்குள் கலந்து கிடக்கின்றன. மூன்றையும் வரி என்றே நினைத்தது என் தவறு. வரி என்ற சொல்லைப் பார்த்ததும் நம் கை தானாகப் பணத்தை எடுத்து வைக்கிறது. பேரம் பேசவோ வேறு நிறுவனத்தைப் பார்க்கவோ தோன்றுவதில்லை.

உண்மையான வரியும் விமான நிலையக் கட்டணமும் எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு பிள்ளையாவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ லண்டனிலோ இருக்கும். வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில் 2025 ஜூலை 26 அன்று புது முனையம் திறந்தார்கள் என்றாலும், வெளிநாடு போக நாம் திருவனந்தபுரம், மதுரை, சென்னை என்றுதான் அலைகிறோம். விமானப் பாதுகாப்புக் கட்டணம் 2021 ஏப்ரல் முதல் உள்நாட்டுப் பயணத்துக்கு 200 ரூபாய், வெளிநாட்டுப் பயணத்துக்கு 12 டாலர். திருவனந்தபுரத்தில் பயனர் மேம்பாட்டுக் கட்டணம், அதாவது யூடிஎஃப், 2024 ஜூலையில் வெளிநாடு புறப்படுவோருக்கு 1,540 ரூபாயாகவும் வந்திறங்குவோருக்கு 660 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டு, ஆண்டுதோறும் ஏறும்படி அமைக்கப்பட்டது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து புறப்பட்டால் 65.20 சிங்கப்பூர் வெள்ளி. லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டால் பிரிட்டன் அரசின் விமானப் பயணி வரி. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக்கு அது சாதாரண வகுப்பில் 90 பவுண்டு, அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 216 பவுண்டு. நாம் இங்கிருந்து லண்டன் போகும்போது அந்த வரி கிடையாது, திரும்பும்போதுதான் உண்டு. சாதாரண வகுப்பில் வரும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விலக்கும் உண்டு. லண்டன் வரி ஒன்று பெரிது. மற்றவை ஒரு குடும்பத்தைத் தடுமாற வைக்கும் தொகை அல்ல. எந்த நிறுவனத்தில் போனாலும், மைலில் எடுத்தாலும் ரொக்கத்தில் எடுத்தாலும் இவை மாறா. இவற்றின் மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

வருத்தமெல்லாம் மீதித் தொகையின் மேல். டிக்கெட்டின் கட்டண விவரத்தில் ஒய்க்யூ, ஒய்ஆர் என்ற இரண்டு குறியீடுகளைத் தேடுங்கள். எரிபொருள் சர்சார்ஜ் என்றும் நிறுவனம் விதிக்கும் கட்டணம் என்றும் சொல்லப்படுவது இதுதான். இதில் ஒரு ரூபாய்கூட அரசுக்கோ விமான நிலையத்துக்கோ போவதில்லை. ரொக்கம் கொடுத்து டிக்கெட் வாங்குபவருக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. அவர் மொத்த விலையைப் பார்த்து வாங்குகிறார். போட்டி இருந்தால் நிறுவனம் அடிப்படைக் கட்டணத்தைக் குறைத்து மொத்தத்தைச் சமன் செய்துவிடும். மைல் கொடுப்பவரின் நிலை வேறு. சர்சார்ஜ் வாங்கும் நிறுவனத்தில் அவருடைய மைல் அடிப்படைக் கட்டணத்தை மட்டுமே அடைக்கிறது. அந்த அடிப்படைக் கட்டணத்தைச் சிறிதாக்கி சர்சார்ஜைப் பெரிதாக்கினால், ரொக்க விலை அப்படியே இருக்கும். மைலின் மதிப்பு மட்டும் சத்தமில்லாமல் இறங்கிவிடும். மைல் அட்டவணையைத் தொடாமலே ஒரு நிறுவனம் தன் உறுப்பினர்களிடமிருந்து கூடுதலாக வாங்க இது போதும்.

எரிபொருள் விலை ஏறினால் நிறுவனம் என்ன செய்யும், அது நியாயமான செலவுதானே என்று கேட்பார்கள். செலவு உண்மை. ஆனால் விமானி சம்பளமும் விமான வாடகையும் உண்மையான செலவுகள்தான். அவற்றுக்கெல்லாம் தனி சர்சார்ஜ் போடுவதில்லை, டிக்கெட் விலைக்குள் வைக்கிறார்கள். எரிபொருளை மட்டும் வெளியே எடுத்து வைப்பது நிறுவனத்தின் தேர்வு. இண்டிகோ 2023 அக்டோபர் 6 முதல் தூரத்தைப் பொறுத்து 300 முதல் 1,000 ரூபாய் வரை எரிபொருள் கட்டணம் வாங்கியது. 2024 ஜனவரி 4 அன்று தானே எடுத்துவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017 மார்ச்சில் தன் மைல் டிக்கெட்டுகளுக்கு எரிபொருள் சர்சார்ஜை ரத்து செய்தது. அதே கையோடு இணையத்தில் எடுப்பவர்களுக்கு இருந்த 15 சதவீத மைல் தள்ளுபடியையும் நிறுத்தியது. அதாவது விலையை ரொக்கப் பக்கத்திலிருந்து மைல் பக்கத்துக்கு நகர்த்தியது. நகர்த்த முடிகிறது என்றால் அது விலை, வரி அல்ல. அமெரிக்காவில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் மைல் உறுப்பினர்கள், எரிபொருள் சர்சார்ஜுக்கும் எரிபொருள் விலைக்கும் பொருத்தமே இல்லை என்று 2012இல் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். அது 2018இல் சமரசத்தில் முடிந்தது. கேள்வி கேட்டவர்களுக்கு ஏதோ கிடைத்தது. நாம் கேட்கவே இல்லை.

நம் கரைக்குப் பங்கு பிரிப்பது புதிதல்ல. பிரிட்டிஷ் காலத்தில் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில், கரையில் வேலி அடைத்த கொட்டுக்குள் சிப்பிகளை மூன்று குவியலாகப் போடுவார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அந்தப் பங்கு நியாயம் என்று நான் சொல்லவில்லை, மூச்சடக்கி எடுத்தவனுக்கு மூன்றில் ஒன்று மிகக் குறைவு. ஆனாலும் குவியல் கண்ணுக்கு முன்னால் இருந்தது. எது யாருக்கு என்று கடலில் இறங்கும் முன்பே தெரியும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோயிற்று. இன்று கைபேசித் திரையில் மூன்று குவியலையும் ஒன்றாகக் கொட்டி, மொத்தத்துக்கும் 'வரிகளும் கட்டணங்களும்' என்று பெயர் வைக்கிறார்கள்.

'மைல் சும்மா வந்ததுதானே, எவ்வளவு கிடைத்தாலும் லாபம்' என்பது அடுத்த வாதம். இதைச் சொன்னவர்கள் பலர். யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. மைல் சும்மா வருவதில்லை. கார்டின் ஆண்டுக் கட்டணம் இருக்கிறது. அதே செலவுக்கு வேறு கார்டில் வந்திருக்கக்கூடிய கேஷ்பேக் இருக்கிறது. ஒரு கணக்கு வைத்துப் பாருங்கள், எண்கள் விளக்கத்துக்காக. ரொக்க விலை 60,000 ரூபாய். அதே இருக்கை மைலில் 50,000 மைலும் 28,000 ரூபாயும். திரையைப் பார்த்தால் மைலுக்கு 1 ரூபாய் 20 காசு கிடைத்ததாகத் தோன்றும். மிச்சமானது 32,000 தான். மைலுக்கு 64 காசு. ரொக்க டிக்கெட்டில் பறந்திருந்தால் 4,000 மைல் சேர்ந்திருக்கும் என்றால், அதையும் செலவில் சேர்க்க வேண்டும், 59 காசு. உயர் வகுப்பில் மைலின் மதிப்பு கூடும் என்கிறார்கள், கூடும்தான். ஆனால் ரொக்கமாக நீங்கள் ஒருநாளும் கொடுத்திருக்காத விலையோடு ஒப்பிட்டு லாபம் என்பது சரியான கணக்கு ஆகாது. 28,000இல் ஒய்க்யூ, ஒய்ஆர் பாதிக்கு மேல் என்றால் அந்த நிறுவனத்தை விட்டுவிட்டு, அதே மைலை வாங்கிக்கொள்ளும் கூட்டணி நிறுவனத்தைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ரொக்கத்தில் எடுங்கள்.

நம் பக்கத்தவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட், சென்னையிலிருந்து வெளிநாட்டுக்கு மைல் டிக்கெட் என்று எடுத்தால் சென்னையில் யூடிஎஃப் மறுபடி விழும். ஒரே டிக்கெட்டில், 24 மணி நேரத்துக்குள் மாறிப் போகிறவருக்குத்தான் விலக்கு. இரண்டு டிக்கெட் என்றால் நீங்கள் மாறிச் செல்லும் பயணியாகக் கணக்கில் வரமாட்டீர்கள்.

பயணம் ரத்தானால் என்ன கிடைக்கும் என்பதிலும் வரிக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அரசு வரிகளையும் யூடிஎஃப் போன்ற விமான நிலையக் கட்டணங்களையும், டிக்கெட்டை ரத்து செய்தாலும் விமானத்துக்கே போகாவிட்டாலும், திருப்பித் தர வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதி சொல்கிறது. 2016 ஆகஸ்டிலிருந்து சலுகை டிக்கெட்டுகளுக்கும் இது பொருந்தும். சர்சார்ஜ் அந்தப் பட்டியலில் இல்லை. வரியோடு கலந்து வாங்கியது, திருப்பித் தரும் நேரத்தில் மட்டும் விலையாகிவிடுகிறது. எனவே டிக்கெட் எடுக்கும்போதே கட்டண விவரத்தைப் படம் பிடித்து வையுங்கள். பயணம் நின்றுபோனால், 'மைல் டிக்கெட்தானே' என்று விட்டுவிடாமல், வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.