வந்தவர்கள் தங்குவது எப்படி?



மிஷன் ஆஸ்பத்திரிகளைத் தாங்கிவரும் சபையார் பல ஆண்டுகளாக ஒரு கேள்வி கேட்டு வருகிறார்கள். "கட்டடம் கட்டக் கொடுத்தோம். கருவிகள் வாங்கக் கொடுத்தோம். ஏழைப் பெண் பிள்ளைகள் நர்ஸ் படிப்புப் படிக்கவும் உதவினோம். அப்புறமும் ஆள் போதவில்லை என்கிறீர்களே, ஏன்?" இது நியாயமான கேள்வி. இதையே இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

இதே கேள்வி அரசாங்கத்துக்கும் உண்டு. அங்கே அது இன்னும் பெரிய கேள்வி. பணமும் அதிகாரமும் நம்மைவிடப் பல மடங்கு உள்ள அரசாங்கம், டாக்டர்களையும் நர்ஸுகளையும் சேர்ப்பதில் எங்கே வெற்றி கண்டது, அவர்களைத் தங்கவைப்பதில் எங்கே தடுமாறியது என்று பார்த்தால், நாம் செய்ய வேண்டியதும் விளங்கும்.

1. எண்ணிக்கை வேறு, இருக்கும் இடம் வேறு

கருவடிக்குப்பத்தில் இருந்துகொண்டு டாக்டர் பஞ்சம் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. கதிர்காமத்தில் 2010-ல் தொடங்கிய இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மருத்துவப் படிப்பு இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1823-ஆம் ஆண்டிலேயே இங்கே ஒரு மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. ஜிப்மர் தன் வரலாற்றை அந்தப் பள்ளியிலிருந்தே தொடங்கிச் சொல்கிறது.

ஆனால் புதுச்சேரி என்பது நம் நகரம் மட்டும் அல்லவே. தெற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவில் காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரத்தில் கோதாவரிப் பக்கம் ஏனாம். இந்த நான்கு துண்டுகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. ஏனாம் 800 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். அங்கே மக்கள் பேசுவது தெலுங்கு. மாஹேயில் மலையாளம். முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்த ஒரு நர்ஸை ஏனாமுக்கு மாற்றினால், நோயாளியின் வலி எங்கே என்று கேட்கவே அவர் புதிதாக ஒரு மொழி கற்க வேண்டும். கணவரின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் இங்கேயே நின்றுவிடும். மொத்தக் கணக்கில் ஆள் நிறைந்திருந்தும் ஒரு மூலையில் நாற்காலி காலியாவது இப்படித்தான். நாடு முழுவதும் நடப்பதைப் புதுச்சேரி ஒரு சின்னப் படமாக நமக்குக் காட்டுகிறது.

2. நான்கு கதவுகள்

கிராமப்புறத்தில் சுகாதார ஊழியர்களை நிலைநிறுத்துவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010-ல் பரிந்துரைகளை வெளியிட்டது. 2021-ல் அவற்றைப் புதுப்பித்தது. நான்கு கதவுகளை அது சுட்டிக்காட்டுகிறது. முதலாவது படிப்பு: யாரை, எங்கே வைத்துப் படிக்கவைக்கிறோம்? இரண்டாவது சட்டமும் ஒப்பந்தமும். மூன்றாவது பண உதவி. நான்காவது ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் கிடைக்கும் ஆதரவு: குடியிருப்பு, பாதுகாப்பு, மேற்கொண்டு கற்க வாய்ப்பு. ஒரு கதவை மட்டும் திறந்தால் போதாது, சேர்த்துத் திறக்க வேண்டும் என்பதே அந்தப் பரிந்துரைகளின் சாரம். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு நம்மைச் சூழ்ந்துள்ள தமிழ்நாட்டைப் பார்ப்போம்.

3. தனியாக விடாத ஏற்பாடு

அரசு விதிப்படி சமவெளியில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம். மலைப்பகுதியில் இது 20,000, 3,000 என்று குறையும். கட்டடம் எழுந்துவிடும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வலி எடுத்து வரும் தாய்க்குக் கதவு திறக்க ஆள் வேண்டுமே! ஒரே ஒரு நர்ஸ் இரவும் பகலும் அங்கேயே கிடக்க முடியாது. தமிழ்நாடு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸுகளை முறை வைத்து நியமித்து, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாட்டைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. ஆளை நியமித்ததோடு நில்லாமல், அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கவும் வழி செய்த ஏற்பாடு அது.

2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவங்களுக்குத் தாய்மார் மரணம் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இந்த வித்தியாசத்துக்குப் பல காரணங்கள் உண்டு. இரவிலும் விழித்திருந்த நர்ஸுகள் அவற்றில் முக்கியமானவர்கள். மோசே காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்ததைக் கண்டு, இது உனக்கும் ஜனங்களுக்கும் ஆகாது என்று எத்திரோ புத்தி சொன்ன சம்பவம் நமக்குத் தெரியும். பாரத்தைப் பகிராவிட்டால் சுமக்கிறவர் தளர்ந்துபோவார். எத்தனை நல்ல மனம் இருந்தாலும் அப்படியே.

4. சேவைக்கு ஒரு வழி

இளம் டாக்டர் ஒருவருக்கு எம்.பி.பி.எஸ். முடிந்ததும் கண் மேற்படிப்பின் மேல்தான். கிராமத்தில் கழியும் ஆண்டுகள் வீண் என்று அவருக்குத் தோன்றினால் அவர் அங்கே போகமாட்டார். தமிழ்நாடு இதைப் புரிந்துகொண்டு ஓர் ஏற்பாடு செய்தது. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில், மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பாதியை ஒதுக்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உழைத்த காலம் மேற்படிப்புக்கு ஏறும் படியாயிற்று. படித்து முடித்த மகப்பேறு டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் மறுபடி அரசு ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள்.

2017-ல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதியைக் காட்டி இந்த ஒதுக்கீடு நீதிமன்றத்தில் அடிபட்டது. தொலைவான, கடினமான இடங்களில் வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம், அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் என்ற முறை மட்டும் மிஞ்சியது. தமிழ்நாடு அரசு டாக்டர்கள் சங்கம் வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிற்று. 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இத்தகைய ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அப்படி இடம் பெறுகிறவர்கள் படித்த பின்பு கிராமப்புற, மலைப்பகுதிகளில் ஐந்தாண்டு பணி செய்ய உறுதி வாங்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. நீ எனக்கு இத்தனை ஆண்டு கொடு, நான் உனக்கு இந்தப் படிப்பைக் கொடுக்கிறேன் என்பது இரு பக்கமும் மதிப்புள்ள உடன்படிக்கை. இப்படிப்பட்ட உடன்படிக்கை நிற்கும்.

5. சொன்ன சொல்

ஆள் சேர்க்கும் வேலையை விரைவாக்க 2012 ஜனவரியில் தமிழ்நாடு அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை ஏற்படுத்தியது. மருத்துவத் துறைக்கென்றே ஒரு தனி வாரியம் வந்ததால் ஆயிரக்கணக்கான இடங்கள் நிரம்பின. சேர்ப்பது என்ற அளவில் அது நல்ல வெற்றி.

தங்கவைப்பதில்தான் சிக்கல் வந்தது. 2015-ல் தேர்வு எழுதித் தேறிய நர்ஸுகள் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பில் வந்தவர்கள் அவர்கள். இரண்டு ஆண்டு கழிந்தும் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸுகள் உட்கார்ந்து போராடினார்கள். பக்கத்துப் படுக்கையில் நிரந்தரப் பணியில் உள்ள சகோதரி செய்யும் அதே வேலையைச் செய்து, அவர் வாங்குவதில் ஒரு சிறு பங்கையே வாங்கியவர்கள் அவர்கள்.

கொரோனா காலத்தில் அவசரமாக ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிவுக்கு வந்தபோதும் போராட்டம் எழுந்தது. கைதட்டிப் பாராட்டிய சத்தம் அடங்கி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. அரசின் நிதிக் கஷ்டம் நமக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் சம்பளத்தைவிட ஆழமாகப் பாதிப்பது, நம்பி வந்த சொல் காற்றில் போவது. ஒரு தடவை அப்படி நடந்தால் அடுத்த அழைப்புக்கு வருகிறவர்கள் பெட்டியைத் திறக்காமலே இருப்பார்கள்.

6. மண்ணின் பிள்ளைகள்

ஜப்பானில் 1972-ல் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் தொடங்கியது. ஒவ்வொரு மாகாணமும் தன் பிள்ளைகளை அங்கே அனுப்புகிறது. சொந்த மாகாணத்தில் ஒன்பது ஆண்டு பணி செய்தால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டாம். நம் நாட்டில் 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் கொண்டுவந்த 'ஆஷா' திட்டத்தில் அந்தந்தக் கிராமத்திலேயே குடியிருக்கும் பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் ஊரைவிட்டுப் போவார் என்ற பயம் குறைவு. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. ஆனால் தொண்டர்கள் என்றே அழைக்கப்பட்டு, நிலையான சம்பளம் வேண்டும் என்று அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு 2020-ல் 7.5 சதவீதமும், நம் புதுச்சேரி 2023-ல் 10 சதவீதமும் ஒதுக்கின. இவை ஏழைப் பிள்ளைகளுக்கு நியாயம் செய்யவே வந்தவை. ஆயினும் கிராமத்தில் வளர்ந்தவர் கிராமத்தில் பணி செய்ய அதிகம் முன்வருவார் என்பது பல நாடுகள் கண்ட அனுபவம். ஆகவே இதில் இரட்டைப் பலன் உண்டு.

7. போகிறவர்கள்

நர்ஸுகள் வெளிநாடு போவதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. தமிழ்நாடு அரசே 1978-ல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை அமைத்தது. அதன் மூலமும் நர்ஸுகள் அயல்நாடு போயிருக்கிறார்கள். ஒரு கை சேர்க்கிறது, மறு கை அனுப்புகிறது! தங்கையின் திருமணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் வளைகுடா சம்பளம் உதவும்போது அந்தப் பெண்ணை யார் குற்றம் சொல்வது? இன்னொரு காரணமும் உண்டு. அது பயம். ஊழியர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்தது. ஆனாலும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டர் கத்தியால் குத்தப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தாவில் இரவுப் பணியில் இருந்த பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடுமையை நாடே அறியும். பூட்டக்கூடிய ஓர் ஓய்வறை இல்லாத இடத்தில் தங்கு என்று யாரை நாம் கேட்க முடியும்?

8. நமக்கு என்ன பாடம்?

மிஷன் ஆஸ்பத்திரிகள் இந்த விஷயத்தில் வெறுங்கையாய் இல்லை. 1900-ல் வேலூரில் சிறிய அளவில் மருத்துவம் தொடங்கிய ஐடா ஸ்கட்டர் அம்மையார், வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்களை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று கண்டார். 1909-ல் நர்ஸுகளுக்கும் 1918-ல் பெண் டாக்டர்களுக்கும் பயிற்சி தொடங்கினார். பின்னாளில் அக்கல்லூரியில் சபைகளும் மிஷன்களும் மாணவரைப் பரிந்துரைப்பதும், படித்தவர் இரண்டு ஆண்டு மிஷன் ஆஸ்பத்திரியில் பணி செய்வதும் வழக்கமாயிற்று. 2017-ல் நீட் கலந்தாய்வு முறை வந்தபோது, தன் தேர்வு முறைக்காக வழக்காடிய அக்கல்லூரி அந்த ஆண்டு 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒருவரை மட்டுமே சேர்த்தது. சிறிய ஆஸ்பத்திரிகளுக்கு வருங்கால டாக்டர்களை அனுப்பும் வாய்க்கால் அது என்பதால்தான் அத்தனை பாடு.

ஆயினும் அரசாங்கத்தின் அனுபவம் நம்மையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. சேவை மனப்பான்மை என்ற பெயரில் குறைந்த சம்பளத்தை நாம் நியாயப்படுத்தக் கூடாது. உதவித்தொகை பெற்ற பெண்ணின் அசல் சான்றிதழைப் பூட்டி வைத்து அவரை நிறுத்துவதும் கூடாது. அப்படி நிற்பவர் உடலால் நிற்பார், மனம் வாசலிலேயே இருக்கும். சேர்வதற்கு முன்பே எத்தனை ஆண்டு, என்ன சம்பளம், எப்போது மேற்படிப்பு என்று எழுத்தில் கொடுத்து, அதைக் காப்பாற்றுவதே நேர்மை.

காணிக்கை கொடுக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறோம். கல்வெட்டில் பெயர் பொறிக்கக்கூடிய கட்டடத்துக்குக் கொடுப்பது எளிது. ஒரு நர்ஸின் குடியிருப்பைப் பழுதுபார்க்க, இரவு நேரக் காவலருக்குச் சம்பளம் கொடுக்க, ஒரு சகோதரி இரண்டு ஆண்டு மேற்படிப்புக்குப் போகும்போது அவர் இடத்தில் மாற்று ஆள் வைக்கக் கொடுப்பதற்குக் கல்வெட்டு கிடையாது. வந்தவர்கள் தங்குவது இவற்றால்தான். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்கு உதவி கேட்டாலும், நாங்களே கேட்டாலும்கூட, "இதில் வேலை செய்யப்போவது யார்? அவர்கள் எங்கே தங்குவார்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

ஐக்கியக் கூட்டங்களில் கலந்து பேச:

1. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்குத் தங்கும் அறையும் தண்ணீரும் உண்டா?

2. உங்கள் சபை படிக்கவைத்த பிள்ளைகள் இப்போது எங்கே பணி செய்கிறார்கள்? போனவர்கள் ஏன் போனார்கள் என்று அவர்களிடமே விசாரித்திருக்கிறீர்களா?

3. நாம் பாடத்தில் பார்த்த நான்கு கதவுகளில் உங்கள் சபை திறக்கக்கூடியது எது?