பால்மரமும் மீள்பார்வையும்

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் நாள்களில் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டார வீடுகள் பலவற்றில் நள்ளிரவு வரை விளக்கு எரியும். பாடநூலின் வரிகள் வண்ணப் பேனாவால் பளிச்சிடும். ஒரே பாடம் நான்கைந்து முறை வாசிக்கப்படும். ஆயினும், மறுநாள் தேர்வு மண்டபத்தில் வினாத்தாளைப் பார்த்ததும், “இதைப் படித்தேனே, இப்போது நினைவுக்கு வரவில்லையே!” என்று சில மாணவர்கள் தவிப்பர். இதற்கு அறிவுக் குறைவோ சோம்பலோ காரணமன்று. பெரும்பாலும் படித்த முறையே காரணமாகும்.

பேராக் மாநிலத் தமிழர்களுக்குக் கல்வி எளிதாகக் கிட்டியதன்று. ரப்பர்த் தோட்டங்களில் பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிட, பிள்ளைகள் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்றனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டுமென 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பின்னாளில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறின. லயத்து வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தன. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் மேற்கல்விக்கான நுழைவாயிலாகும். எனவே, கையில் எஞ்சியிருக்கும் சில நாள்களை எவ்வாறு பயன்படுத்துவது என்பது சிறிய வினாவன்று. இதற்கு விடை காண அவர்களின் தாத்தா பாட்டியர் அறிந்த ஒரு தொழிலே துணைபுரிகிறது.

பேராக்கின் கோலகங்சாரில் 1877 ஆம் ஆண்டு ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. நாட்டின் மிகப் பழமையான ரப்பர் மரங்களுள் ஒன்றை இன்றும் அந்நகரில் காணலாம். பால்மரம் சீவுவதற்கு ஒரு முறையுண்டு. மரப்பட்டையை ஒவ்வொரு முறையும் மிக மெல்லியதாகவே சீவ வேண்டும். வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் நன்கு வடியும். பேராசையால் ஆழமாக வெட்டினால் உள்ளிருக்கும் வளர்திசு காயப்படும்; புதிய பட்டை முண்டு முடிச்சாக வளரும். பல தோட்டங்களில் ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சீவினர். இடையில் கிடைக்கும் ஓய்வில் மரம் மீண்டும் பால் சுரந்துகொள்ளும். ஒரு மாதப் பாலையும் ஒரே நாளில் எடுக்க எந்தப் பால்வெட்டுத் தொழிலாளியும் முயன்றதில்லை. ஆனால், ஓராண்டுப் பாடத்தை ஓர் இரவில் ஏற்றிக்கொள்ள மாணவர்கள் பலர் முயல்கின்றனர்.

மனித நினைவாற்றலும் இடைவெளியை நாடுகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எர்மன் எபிங்கௌஸ் ஆராய்ந்தார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேல் மறந்துபோனது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு மறைந்தது. அதன் பின்னர் மறதியின் வேகம் குறைந்தது. பொருளுள்ள பாடங்கள் இவ்வளவு விரைவாக மறப்பதில்லை. எனினும், முதல் நாளிலேயே மறதி மிகுதி என்பது இதனால் புலனாகிறது. எனவே, படித்த அன்றிரவு ஒரு முறை, மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை என இடைவெளி விட்டு மீள்பார்வை செய்வது சிறப்பு. தேர்வுக்கு மூன்றே நாள் இருந்தாலும், ஒரு பாடத்திற்கு மூன்று மணி நேரத்தை ஒரே மூச்சில் செலவிடாமல், நாளுக்கு ஒரு மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளலாம். செலவாகும் நேரம் ஒன்றே, பயனோ மிகுதி.

அடுத்து, வாசிப்பதும் நினைவுகூர்வதும் ஒன்றல்ல. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. அப்பழக்கத்தையே அறிவு என்று மனம் நம்பிவிடுகிறது. 2006 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு தடவை வாசித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு தடவை மட்டும் வாசித்துவிட்டு, பார்க்காமல் மூன்று தடவை எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலைமை தலைகீழானது. வாசித்தவர்கள் ஏறக்குறைய 40 விழுக்காட்டையும், எழுதிப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 61 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர். எனவே, நூலை மூடிவிட்டு வெற்றுத் தாளில் நினைவிலுள்ளதை எழுதுவதே சிறந்த மீள்பார்வையாகும். எழுதி முடித்தபின் நூலைத் திறந்து, விடுபட்டவற்றைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். அச்சிவப்பு வரிகளே அடுத்த மீள்பார்வைக்கு உரியவை. திருக்குறளையும் பழமொழிகளையும் அட்டையின் ஒருபுறத்திலும், அவற்றின் பொருளை மறுபுறத்திலும் எழுதி, நண்பர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதும் இதே பயனைத் தரும்.

மூன்றாவது உத்தி, நீண்டதைக் கூறுபோடுதல். மலேசிய அடையாள அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் உள்ளன. அவற்றை ஒரே சரமாக ஒப்பிப்பது கடினம். பிறந்த தேதிக்கு ஆறு, பிறந்த இடத்தின் குறியீட்டுக்கு இரண்டு, இறுதியில் நான்கு எனப் பிரித்ததும் எளிதாகிவிடுகிறது. பேராக்கில் பிறந்த பலருக்கு நடுவிலுள்ள 08 மனனம் செய்யாமலே நினைவில் நிற்கும். ஏனெனில் அதற்குப் பொருள் உண்டு. நம் முன்னோரும் இவ்வுத்தியை அறிந்திருந்தனர். பதினெட்டு மெய்யெழுத்துகளையும் கசடதபற, ஙஞணநமன, யரலவழள என மூன்று கூறுகளாக்கி ஓசையோடு கற்பித்தனர். எதுகையும் மோனையும் செய்யுளுக்கு அழகு சேர்ப்பதோடு, அடுத்த சொல்லை நினைவூட்டும் கொக்கியாகவும் விளங்குகின்றன. ஆகவே, செய்யுளை வாய்விட்டு ஓசையோடு சொல்லிப் பழகுவது பயனளிக்கும்.

நான்காவது உத்தி, செய்திகளை இடங்களோடு இணைத்தல். நன்கு தெரிந்த பாதையில் நடப்பதாகக் கற்பனை செய்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு செய்தியை வைக்க வேண்டும். ஈப்போ இரயில் நிலையத்தில் இரயிலுக்குப் பதில் கப்பல் ஒன்று நிற்பதாக எண்ணலாம். 1874 இல் கப்பலில் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கை நினைவுக்கு வரும். அங்கிருந்து சற்று நடந்தால் பெர்ச் நினைவு மணிக்கூண்டு. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்டான பெர்ச் 1875 இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட செய்தியை அது சொல்லும். பின்னர் கிந்தா ஆற்றில் நான்கு படகுகள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டு மிதப்பதைக் காணலாம். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896 இல் கூட்டு மலாய் மாநிலங்களாக இணைந்தது மனத்தில் பதியும். காட்சி எவ்வளவு விந்தையானதோ அவ்வளவு எளிதில் நினைவில் நிற்கும்.

தேர்வுக்கு முந்திய நாள் புதிய பாடத்தைத் தொடங்குவதற்கு உரியதன்று. அன்று பாடத் தலைப்புகளை மூன்றாகப் பிரிக்கலாம்: நன்கு தெரிந்தவை, அரைகுறையாகத் தெரிந்தவை, தெரியாதவை. அரைகுறையாகத் தெரிந்தவற்றிற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும்; சிறிது முயன்றாலே அவை மதிப்பெண்ணாக மாறும். தெரியாதவற்றுள் அடிப்படையான ஓரிரு கருத்துகளை மட்டும் பார்த்தால் போதும். அவ்வப்போது ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது சோர்வைப் போக்கும்.

பின்னர் உறங்க வேண்டும். கற்றபின் விழித்திருந்தவர்களைவிட உறங்கியவர்கள் குறைவாகவே மறந்தனர் என்பதை ஜென்கின்ஸ், டாலென்பாக் ஆகியோர் 1924 இலேயே காட்டியுள்ளனர். உறக்கத்தைத் துறந்து பெறும் இரண்டு மணி நேரம், அதற்குமுன் படித்தவற்றையும் சேர்த்தே பறித்துக்கொள்ளும். அடையாள அட்டை, பேனா முதலியவற்றை இரவே எடுத்து வைத்துவிட்டால் காலைப் பரபரப்பு தவிர்க்கப்படும். காலையில் சிவப்பு மை வரிகளை ஒருமுறை பார்ப்பதே போதுமானது.

மனனம் மட்டுமே கல்வியாகிவிடாது. பொருள் புரியாமல் ஒப்பித்தவர், வினா சற்று மாறினாலும் தடுமாறுவார். இவ்வுத்திகள் யாவும் புரிந்துகொண்ட பாடத்தைப் போற்றிக் காப்பதற்கே உரியவை. பால்மரத்திலிருந்து வடியும் பால் சொட்டுச் சொட்டாகத்தான் மங்கில் விழும். அச்சொட்டுகளைச் சேர்த்தே தோட்டத்துப் பெற்றோர் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். அவர்களின் வழிவந்த மாணவர்களும் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்தால், தேர்வு மண்டபத்தில் தேவையான வேளையில் கற்றது கைகொடுக்கும்.